வேலை போய் 4 வாரம்: "எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது?

சோதனைப்பிரிவு37 கேட்டது:

வயது 37. சென்னை ஓஎம்ஆரில் ஒரு ஐடி கம்பெனியில் 11 வருடம் 7 மாதம் மேனுவல் டெஸ்டிங், அதாவது மென்பொருளைக் கையால் இயக்கிப் பிழை தேடும் வேலை. முழுக்க வங்கிக் கடன் மென்பொருள் பக்கம்தான். புராஜெக்ட் மூடியதும் ஒரு மாதம் பெஞ்ச் (வேலை ஒதுக்காமல் காத்திருக்க வைப்பது), பிறகு ராஜினாமா கடிதம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். செட்டில்மென்ட் இன்னும் வரவில்லை. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. மகள் இரண்டாம் வகுப்பு. வீட்டுக்கடன் மாதம் 31,000. கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வேலை தேடுவதைப் பற்றிக் கேட்கவில்லை. கழுத்திலிருந்து ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்ததும் நான் யார் என்று சொல்ல வாயில் வார்த்தை இல்லை. அதே வேலைக்குத் திரும்புவதா, ஆட்டோமேஷன் (சோதனையை நிரலே ஓட்டும்படி எழுதுவது) படிப்பதா, வேறு பக்கம் போவதா என்று தினமும் ஒரு முடிவு எடுக்கிறேன், மறுநாள் மாற்றுகிறேன். ஆவணியில் மச்சினன் கல்யாணம். உறவு முழுக்க வரும். இந்த இடைக்காலத்தை எப்படிக் கடப்பது? பொறுமையாக இரு, நம்பிக்கை வை என்பதைத் தாண்டி, செய்யக்கூடியதாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

காவிரிக்கரை:

இப்போது உங்களுக்கு நடப்பது குணக்கோளாறு அல்ல. வேலை நின்றால் மனிதருக்கு என்ன ஆகிறது என்று ஏறக்குறைய 90 வருடங்களுக்கு முன்பே நுணுக்கமாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியன்தால் என்று ஒரு ஊர். ஊரே ஒரு பஞ்சாலையை நம்பி இருந்தது. ஆலை மூடியது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு குழுவோடு 1930களின் தொடக்கத்தில் அங்கே போய், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையில் கடிகாரத்தோடு தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அளந்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது, வழியில் நின்று நின்று போனார்கள். பெண்கள் வேகமாகவே நடந்தார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வீட்டு வேலை நிற்கவில்லை. நூலகக் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் புத்தகம் எடுப்பது குறைந்தது. நேரம் இருந்தது, படிக்க மனம் எழவில்லை. ஒரு நாளை மணி வாரியாக எழுதித் தரச் சொன்னபோது ஒருவர், "இதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது" என்று எழுதிக் கொடுத்தார்.

சம்பளத்தைத் தவிர வேலை வேறு ஐந்தைத் தருகிறது என்று யஹோடா பிற்பாடு வகுத்துச் சொன்னார்: நாளுக்கு ஒரு கட்டுக்கோப்பு, குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள், பலர் சேர்ந்து முடிக்கும் ஒரு காரியம், ஊரில் ஒரு இடம், கைக்கு வேலை. உங்களுக்கு ஐந்தும் ஒரே நாளில் போயிருக்கின்றன. "நான் யார்" என்ற கேள்வி நான்காவதைப் பற்றியது. அதை நேராகப் பிடிக்கப் போனால் கைக்குச் சிக்காது. முதல் இரண்டைத் திரும்ப வைத்தால்தான் அது தன் இடத்துக்கு வரும். தினமும் முடிவு மாறுவதற்குக் காரணமும் இதுதான். கட்டு இல்லாத நாளில் எடுக்கும் முடிவுக்கு ஆயுள் ஒரு நாள்.

செய்ய வேண்டியது: காலை 9 மணிக்கு வீட்டை விட்டு வெளியே இருங்கள். ஓஎம்ஆரிலிருந்து கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் தூரமில்லை, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. 90 நிமிடம் ஒரு வேலை, 20 நிமிடம் இடைவெளி, மறுபடி 90 நிமிடம் இன்னொரு வேலை. அத்தோடு காலைப் பொழுது முடிந்தது. வேலைத் தளங்களையும் லிங்க்டினையும் பார்ப்பது மாலை 4 முதல் 5 வரை மட்டும். பலர் சறுக்குவது இங்கேதான். காலை எழுந்ததும் போனில் வேலைத் தளத்தைத் திறந்து, பத்து மணிக்குள் 40 விண்ணப்பம் அனுப்பிவிட்டு, பிறகு நாள் முழுக்கப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். காத்திருப்பது உழைத்த மாதிரி களைப்பைத் தரும், ஆனால் செய்து முடித்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது.

மனிதர்களைப் பொறுத்தவரை, வாரத்துக்கு இரண்டு பேரை நேரில் பாருங்கள். அதில் ஒருவராவது உங்கள் பழைய டீமில் இல்லாதவராக இருக்கட்டும். பழைய டீம் வாட்ஸ்அப் குழுவை ஊமையாக்கி வையுங்கள். யாரை எடுத்தார்கள், யாரை அனுப்பினார்கள் என்ற பேச்சு உங்களை அந்தக் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கும்.

பேரேடு:

காகிதம் பேசுகிறேன். கையில் எத்தனை மாதம் இருக்கிறது என்று தெரியாதவர் பயத்தில் முடிவெடுப்பார். முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை): நீங்களே ராஜினாமா கொடுத்திருந்தாலும், 5 வருடம் தொடர்ந்து வேலை பார்த்திருந்தால் உண்டு. கணக்கு: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகை (2025 நவம்பர் 21 முதல், அது மொத்தச் சம்பளத்தில் பாதிக்குக் குறைந்தால் அந்தப் பாதி) × 15 ÷ 26 × வருடங்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட துண்டு முழு வருடமாகச் சேரும். உங்கள் 11 வருடம் 7 மாதம் 12 வருடம் ஆகிறது. அந்தத் தொகை 40,000 என்று வைத்தால் ஏறக்குறைய 2,76,900 ரூபாய். 11 என்று போட்டுக் கொடுத்தால் 23,000 ரூபாய்க்கு மேல் குறையும். செட்டில்மென்ட் தாளில் இந்த ஒரு வரியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். தர வேண்டிய கெடு 30 நாள். தாண்டினால் வட்டியோடு தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், போனில் வேண்டாம்.

பிஎஃப்: இப்போது எடுக்காதீர்கள். பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் மாதம் 1,250 விழுந்திருக்கிறதா பாருங்கள். அது 15,000 ரூபாயின் 8.33 சதவீதம். 2014 செப்டம்பர் 1க்குப் பிறகு 15,000ஐவிடக் கூடுதல் சம்பளத்தில் முதன்முதலாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பத்தி காலியாக இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்று பாஸ்புக்கே சொல்லும். பங்கு விழுந்து 10 வருடச் சேவை ஆகியிருந்தால் 58 வயதில் ஓய்வூதிய உரிமை உண்டு. அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் அதே யூஏஎன்னில் (உங்கள் நிரந்தர பிஎஃப் எண்) கணக்கை மாற்றிக்கொள்ளுங்கள். அடிக்கடி சிக்குவது, பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாமல் விடுவது. தேதி இல்லாவிட்டால் மாற்றம் நகராது. கடைசிப் பங்கு விழுந்து இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியைப் போர்ட்டலில் நீங்களே பதியலாம்.

மருத்துவக் காப்பீடு: இதைத்தான் ஆறு மாதம் கழித்து நினைத்து வருந்துகிறார்கள். கம்பெனி குழுக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிகிறது. அப்பா அம்மா அதில் இருந்தால் அவர்களுக்கும் முடிந்தது. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழியுண்டா, எத்தனை நாள் கெடு என்று இன்றே மனிதவளப் பிரிவுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். மாற முடிந்தால் ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருப்பு இருக்கலாம். கம்பெனி போட்ட குழு ஆயுள் காப்பீடும் கூடவே போயிருக்கும், அதையும் மறக்க வேண்டாம்.

வீட்டுக்கடன்: ஒரு தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளையில் போய்ப் பேசுங்கள். 90 நாள் நிலுவை ஆனால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், அதன்பின் பேச்சின் தொனியே மாறும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகை கட்டி ஓட்டுவது மட்டும் வேண்டாம். வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தை ஒட்டிப் போகும்.

கையிருப்பு, வர வேண்டியது இரண்டையும் கூட்டுங்கள். மாதச் செலவிலிருந்து மனைவியின் சம்பளத்தைக் கழித்து, மிஞ்சுவதால் வகுங்கள். வரும் எண்ணை ஒரு தாளில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். அந்த மாதங்களில் பாதி முடியும் தேதிதான் "கிடைத்த வேலையில் சேர்வது" பற்றி யோசிக்க வேண்டிய தேதி. அதற்கு முன் அந்தக் கேள்வியைத் தினமும் எடுக்க வேண்டாம்.

பிழைத்திருத்தி:

"மேனுவல் டெஸ்டிங்" என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல். அது கம்பெனி வசதிக்கு வைத்த பெயர். உண்மையில் செய்த வேலை என்ன என்று பிரித்துப் பாருங்கள். 12 வருடத்தில் நீங்கள் பிடித்த பிழைகளில் நினைவில் நிற்கும் 20ஐ எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி போதும்: எது கண்ணில் பட்டது, ஏன் சந்தேகம் வந்தது, யாரிடம் எப்படிச் சொன்னீர்கள், விட்டிருந்தால் யாருக்கு என்ன நஷ்டம். கம்பெனி ஆவணம், வாடிக்கையாளர் பெயர் எதையும் எடுத்து எழுத வேண்டாம், உங்கள் நினைவே போதும்.

ஒரு மாதிரி. ஜனவரி 31 அன்று கொடுத்த கடனுக்குப் பிப்ரவரித் தவணை எந்தத் தேதியில் விழும்? 28 என்றால் மார்ச் தவணை 28ஆ, 31ஆ? இடையில் வட்டி எத்தனை நாளுக்கு? லீப் வருடத்தில் 365ஆல் வகுப்பதா, 366ஆல் வகுப்பதா? புரோகிராமர் விட்ட கேள்வி, தேவைகளை எழுதியவர் விட்ட கேள்வி, உங்களுக்கு மட்டும் தோன்றியது. அந்தத் தோன்றல் டெஸ்டிங்கில் மட்டும் செல்லுபடியாகும் சரக்கு அல்ல. கடன் மென்பொருளில் பிசினஸ் அனலிஸ்ட் (தேவைகளை ஆராய்ந்து எழுதுபவர்), வங்கியின் பக்கம் உட்கார்ந்து யூஏடி (பயன்படுத்துபவர் தரப்பின் இறுதிச் சோதனை) நடத்துபவர், என்பிஎஃப்சி எனும் வங்கியல்லாத நிதி நிறுவனங்களில் கடன் செயல்பாட்டுப் பிரிவு, எல்லாமே இதே கேள்வியைக் கேட்கத்தான் ஆள் தேடுகிறார்கள். 20ஐயும் எழுதி முடித்ததும் எந்த வகை திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். கணக்கா, ஆட்களிடம் பேசி வேலை வாங்கியதா, விதிமுறையா? அதுதான் நீங்கள். பதவிப் பெயர் அதன்மேல் போட்ட சட்டை.

ஆட்டோமேஷன்: படிக்கலாம், ஆனால் 60,000 ரூபாய் கட்டிச் சான்றிதழ் வாங்கும் ஆறு மாதக் கோர்ஸ் வேண்டாம். அந்தச் சான்றிதழைப் பார்த்து யாரும் வேலை தருவதில்லை. பைத்தான் அல்லது ஜாவா, ஒன்றே ஒன்று. தரவுத்தளத்தைக் கேள்வி கேட்க எஸ்கியூஎல், போஸ்ட்மேன் கருவியில் ஏபிஐ (மென்பொருள்கள் தமக்குள் பேசும் வழி) சோதனை, பிறகு இணையப் பக்கங்களைத் தானாகச் சோதிக்கும் பிளேரைட். பழகுவதற்கென்றே திறந்துவைத்திருக்கும் டெமோ தளம் ஒன்றை எடுத்து 30 சோதனை எழுதி, கிட்ஹப்பில் (நிரலைச் சேமித்துப் பகிரும் தளம்) போட்டு, கோடு மாறும் ஒவ்வொரு முறையும் தானாக ஓடும்படி கிட்ஹப் ஆக்ஷன்ஸில் கட்டுங்கள். தினம் மூன்று மணி நேரம் என்றால் எட்டு வாரத்தில் கைக்கு வரும். எங்கே கெடும் என்றால், யூடியூப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்வதில். இன்னொன்று, பக்கம் வரும்வரை காத்திருக்க "5 விநாடி தூங்கு" என்று எழுதிவிடுவது. நெட் மெதுவான நாளில் சோதனை காரணமில்லாமல் விழும். நேர்முகத்தில் "இது ஏன் சில நாள் மட்டும் விழுகிறது" என்று கேட்டால் பதில் இருக்காது.

காவிரிக்கரை சொன்ன நேரக்கட்டு சரிதான். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து "எனக்கு எது பிடிக்கும்" என்று யோசிப்பதற்கு அந்த 90 நிமிடத்தைச் செலவழிக்காதீர்கள். பிடித்தது எது என்பது கைவைத்துப் பார்த்தால்தான் தெரியும். மூன்று வாரம், மொத்தம் 20 மணி நேரம், 2,000 ரூபாய்க்குள் ஒரு முயற்சி. முடிவில் வேறு ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லக்கூடிய ஒரு பொருள் இருக்க வேண்டும். தினமும் இரவு இரண்டே குறிப்பு: இன்று மணி பார்க்காமல் வேலை ஓடியதா? நாளை யாரும் கேட்காவிட்டாலும் இதைத் தொடுவேனா? மூன்று வாரத்துக்கு முன் முடிவை மாற்றுவதில்லை என்று உங்களுக்கே கெடு போடுங்கள்.

சோதனைப்பிரிவு37:

மிக்க நன்றி. 11க்குப் பதில் 12 வருடம் என்பது எனக்குத் தெரியாது. இன்னும் இரண்டு. மச்சினன் வீட்டு ஹார்டுவேர் கடையில் 8 லட்சம் போட்டுப் பங்குதாரராகச் சேரச் சொல்கிறார்கள். மனைவி பி.எட். சேரச் சொல்கிறாள். கல்யாண வீட்டில் என்ன பேசுவது என்பதும் அப்படியே நிற்கிறது.

வைகைக்காரி:

கல்யாண வீட்டுக் கேள்வியைக் கவனியுங்கள். நம் ஊரில் "என்ன வேலை" என்று கேட்பது குறைவு. "எங்க வேலை?" என்றுதான் வரும். பதிலுக்குக் கம்பெனி பெயரைச் சொல்லிப் பழகிவிட்டோம். உங்களிடமிருந்து போனது "எங்கே" மட்டும். "என்ன" அப்படியே இருக்கிறது. எங்கே என்று கேட்பவருக்கும் என்ன என்றே பதில் சொல்லுங்கள்: "பேங்க் லோன் சாஃப்ட்வேர்ல தப்பு கண்டுபிடிக்கிறது என் தொழில் மாமா. பழைய கம்பெனி புராஜெக்ட் முடிஞ்சுது. இப்போ பேங்க் பக்கமே போகப் பாக்குறேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது கூட்டுறவு பேங்க்லயோ ஃபைனான்ஸ்லயோ இருக்காங்களா?" நாலு வாக்கியம். கடைசியில் கேள்வி இருப்பது முக்கியம். அதற்குப் பிறகு பேச வேண்டியது அவர். வீட்டில் மனைவியிடம் ஐந்தாறு தடவை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், முதல் இரண்டு தடவை தொண்டை அடைக்கும். "சும்மாதான் இருக்கேன்" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். நீங்கள் சும்மா இல்லை, அது பொய்.

அப்பாவிடம் கல்யாணத்துக்கு முன்பே, நேரில், நீங்களே சொல்ல வேண்டும். பந்தியில் வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் அவருக்கு வேலை போனதைவிட மறைத்ததுதான் வலிக்கும். கும்பகோணம் போய், சாப்பாட்டுக்குப் பிறகு, மூன்று எண்களோடு உட்காருங்கள்: எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது, வீட்டுக்கடன் எந்தத் தேதி வரை கட்டலாம், அடுத்த முடிவு எந்தத் தேதியில். எண் கையில் இருந்தால் அந்தத் தலைமுறை ஆட்கள் பதறுவது குறையும். அவர் மருந்துச் செலவு இதில் அடங்கியிருக்கிறது என்பதையும் அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மனைவியோடு ஞாயிறு காலை அரை மணி நேரம் இதற்கென்று வையுங்கள். மற்ற நாட்களில் "ஏதாவது வந்துச்சா?" என்ற கேள்வி வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். மகளிடமும் சொல்லலாம்: "அப்பா வேற ஆபீஸ் தேடுறேன்" என்பது அந்த வயதுக்குப் போதும்.

ஒன்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டாலோ, இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தாலோ டெலிமானஸ் மனநல உதவி எண் 14416க்கோ 104க்கோ அழையுங்கள். தமிழிலேயே பேசலாம்.

தராசு:

கடை பற்றி. பங்குதாரர் நிறுவனத்தில் கடைக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. நீங்கள் போட்ட 8 லட்சத்தோடு நிற்காது, வீடு வரை வரலாம். அதனால் பணத்துக்கு முன் ஆறு வாரம் கடையில் சம்பள ஆளாக நில்லுங்கள். காலையில் ஷட்டர் தூக்குவதிலிருந்து இரவு கல்லாக் கணக்கு வரை. சந்தோஷமாக இருக்கிறதா என்பதற்கும் அங்கேதான் பதில். பிறகு மூன்றைக் கேளுங்கள்: கடந்த 12 மாத ஜிஎஸ்டிஆர்-3பி (கடை தாக்கல் செய்த ஜிஎஸ்டி கணக்கு), கடன் நோட்டு, ஒரு வருடமாக அசையாத சரக்கின் பட்டியல். மேஸ்திரிகளும் கான்ட்ராக்டர்களும் 90 நாளுக்கு மேல் தராமல் வைத்திருக்கும் தொகையைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள். விற்பனை நன்றாக இருந்தும் ஹார்டுவேர் கடைகள் மூச்சு முட்டுவது அங்கேதான். நோட்டைக் காட்டத் தயங்கினால் உறவைக் காப்பாற்றிக்கொண்டு விலகுங்கள்.

கடை இல்லாமல் உற்பத்தியோ சேவையோ சொந்தமாகவே தொடங்குவதானால் மாவட்டத் தொழில் மையத்தில் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தைக் கேளுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீத மானியம். பொதுப் பிரிவில் 45 வயது வரைதான். உங்களுக்கு இன்னும் 8 வருடம் இருக்கிறது, ஓட வேண்டாம்.

பி.எட். இரண்டு வருடம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்க டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். அதுவரை வருமானம் இல்லை. பீரோ கதவில் ஒட்டிய எண் 24ஐத் தாண்டாவிட்டால் இப்போது அந்தக் கதவு இல்லை. பாடம் எடுப்பது பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், பிழைத்திருத்தி சொன்ன மாதிரி ஒரு மூன்று வார முயற்சியை அதற்கு ஒதுக்குங்கள். டெஸ்டிங் படிக்கும் நான்கு கல்லூரிப் பிள்ளைகளைச் சனிக்கிழமைகளில் உட்கார வைத்து, அந்த ஜனவரி 31 கடன் கணக்கிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த சனிக்கிழமை எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று எண்ணுங்கள்.